ஒற்றைக் கையுறை

“இப்பப் பாருங்க, அந்தப் பொண்ணு கையுறையைக் கழட்டிப் பனி மேல வைப்பா!” என்று புருல் கணவனின் தொடையில் தட்டினாள்.

முன்வரிசைக் கிழவர் திரும்பினார். “ஏம்மா, நாங்களும் காசு குடுத்துதான் படம் பார்க்கறோம்.”

அவள் சொன்னபடியே நடந்தது. திரையில் சின்னப்பெண் தன் ஒற்றைச் சிவப்புக் கையுறையை உறைந்த ஏரியின் மேல் வைத்தாள். ஏரிக்கு அடியிலுள்ள நகரத்தில் சிக்கிக்கொண்ட அண்ணன், அந்தச் சிவப்பைப் பார்த்து வழி கண்டுபிடித்து மேலே வந்தான்.

புருல் வாய்விட்டு அழுதாள். கணவன் ஷைலோ கைக்குட்டையை நீட்டினான்.

பாவம், அழ அவளுக்குக் காரணம் இருந்தது. இந்தப் படம் எந்தப் புத்தகத்திலிருந்து வந்ததோ, அதைச் சின்ன வயதில் அவளுக்குப் படித்துக் காட்டியவன் அவளுடைய அண்ணன் எர்மெக். ஊரில் கரண்டே இல்லாத குளிர்காலம் அது. மெழுகுவர்த்தி தீர்ந்த பிறகும், அவளைப் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு விடாமல் படிப்பான். அவளுக்கு அப்போது எழுத்தே தெரியாது. வசந்தம் வருவதற்குள் புத்தகமும் அடுப்புக்குப் போய்விட்டது.

வளர்ந்த பிறகு எர்மெக் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். முதல் வருடத்தோடு சரி, பேச்சும் இல்லை, செய்தியும் இல்லை. இருபத்திரண்டு வருடமாயிற்று. உறவுக்காரர்கள் எல்லோரும் செத்துவிட்டான் என்றே முடிவு கட்டியும், இறந்தவர்களுக்காக ஓதும் ஃபாத்திஹாவை அவன் பெயரில் ஓத அம்மா மட்டும் விடவில்லை.

போன மாதம் மாமாதான் அம்மாவின் பிடிவாதத்தை உடைத்துவிட்டார். “ஓதாம வெச்சு அந்தப் பையனோட ஆன்மாவை அலைய விடறியே, நீயெல்லாம் ஒரு தாயா?”

நாளைக்கு ஓதலும் விருந்தும். முற்றத்தில் ஆடு கட்டியாகிவிட்டது. விருந்துக்கு அரிசியும் தேயிலையும் வாங்க நரின் நகரத்துக்கு வந்த இடத்தில்தான் புருல் இந்தப் படத்தின் சுவரொட்டியைப் பார்த்து, கணவனைத் தியேட்டருக்கு இழுத்து வந்தாள்.

வெளியே வந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “புத்தகத்துல இருக்கற மாதிரியே எடுத்திருக்காங்க” என்றாள்.

ஷைலோ சிரித்துவிட்டான். “எங்க எடுத்தாங்க? கெடுத்து வெச்சிருக்காங்க. பள்ளிக்கூடத்துல நான் திரும்பத் திரும்பப் படிச்ச புத்தகம் அது. அவன் மேல வரவே மாட்டான். அங்கேயே ராஜாவாகி, வீட்டையே மறந்துடுவான். அதோட கதை முடிஞ்சுது.”

“அப்போ கையுறை?”

“கையுறையும் இல்ல, காலுறையும் இல்ல. அந்தப் பையனுக்குத் தங்கச்சியே கிடையாது, புருல்.”

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளிடம் இருந்ததே ஒரே ஒரு சிவப்புக் கையுறைதான். அதன் ஜோடியை ஏரிக்கரையில் தொலைத்துவிட்டு அவள் அழுத அழுகையில், அண்ணன் அன்று இரவே கதையில் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தான்.

மெழுகுவர்த்திகூட இல்லாத இருட்டில் அவன் எதைப் பார்த்துப் படித்தான்? இத்தனை வருடத்தில் அதை அவள் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

“இந்த முடிவை யாருங்க எழுதினது?” கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ரஷ்யாவுல ஒரு சின்னப் பொண்ணு. இருபது வயசுகூட இருக்காது. நேத்து டிவியில பேசுச்சு. அவங்க அப்பா படம் எடுக்கற இடத்துக்கே வந்து, முடிவு இப்படித்தான் இருக்கணும், கையுறை சிவப்பாத்தான் இருக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னாராம். ஏன் கேக்கறே?”

ஆனந்தமா ஆத்திரமா என்று புருலுக்கே தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அரிசி வாங்கிட்டியாடி?” என்றாள் அம்மா. அவளுக்குப் பின்னால் ஆடு கத்துவது கேட்டது.

“அம்மா, ஆட்டை அவுத்து விடு.”