பத்து வாரம் நின்றவர்

“யாரைப் பார்த்து எழுதினீங்க?”

சார் இப்படிக் கேட்டது வேன்காரரிடம். கடைசிப் பரீட்சையில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. வகுப்பிலேயே அவர்தான் முதல். பத்து வாரமாகக் கடைசியில் வந்த மனுஷன் ஒரே நாளில் முதலில் வந்தால் யார்தான் நம்புவார்கள்?

சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் இங்கிலீஷ் வகுப்பு அது. மொத்தம் பன்னிரண்டு வாரம். சார் நன்றாகவே சொல்லிக்கொடுப்பார், குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். வாராவாரம் டெஸ்ட் வைப்பார். அதில் கடைசியாக வந்தவர் எழுந்து நின்று, தான் செய்த தப்பையெல்லாம் சத்தமாகப் படிக்க வேண்டும். மானம் போனால்தான் மண்டையில் ஏறும் என்பது அவர் கட்சி.

முதல் வாரம் நின்றது லாண்டரி அக்கா. இஸ்திரி மேஜையிலிருந்து கவுன்ட்டருக்கு மாறலாம் என்று ஆசைப்பட்டு வந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டு முப்பது வருஷம். லெண்டையும் பாரோவையும் மாற்றிப்போட்டு, இரவல் கொடுத்தவரை வாங்கினவர் ஆக்கிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா பாதி படிக்கும்போதே அழுதுவிட்டார். இனிமேல் செத்தாலும் இந்தப் படி ஏறமாட்டேன் என்று இறங்கும்போது சொன்னார்.

மனசு கேட்காமல் அடுத்த வாரமும் வந்தார். அன்றைக்குக் கடைசி, வேன்காரர்.

அப்புறம் அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

தப்பென்றால் சாதாரணத் தப்பா? மேஜை மேல் உட்கார்ந்திருந்த பூனையை மேஜைக்குள் அனுப்பினார். ‘அட்’ வரவேண்டிய இடத்தில் ‘அண்டர்’ போட்டு, ஒரு விமானத்தையே விமான நிலையத்துக்கு அடியில் இறக்கினார். பார்க்கிறதுக்கு லுக், ஸீ, வாட்ச் என்று மூன்று இருக்கிறதே, அதில் பொறுக்கி எடுத்து, டாக்டர் என் நாக்கை வாட்ச் பண்ணினார் என்று எழுதினார். நாக்கில் என்ன மேட்ச்சா ஓடுது என்று சார் கேட்டார். வேன்காரரும் சேர்ந்து சிரித்தார். ஒரு தடவை செய்த தப்பை மறு தடவை செய்யமாட்டார். வாராவாரம் புதுசு.

லாண்டரி அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம்மைவிட மக்கு ஒருத்தர் இருக்கிறார் என்பதைவிடத் தெம்பு வேறென்ன வேண்டும்? இடைவேளையில் அவரை உட்காரவைத்துப் பாடமே எடுக்க ஆரம்பித்துவிட்டார். நம்ம கையை விட்டுப் போனா லெண்ட், நம்ம கைக்கு வந்தா பாரோ, எத்தனை தடவை தம்பி சொல்றது என்று அலுத்துக்கொள்வார். வேன்காரர் பவ்யமாகத் தலையாட்டுவார். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்றே அக்கா வீட்டில் படித்துவிட்டு வருவார்.

இப்போது சார் கையெழுத்துப் போடாமல் சர்டிபிகேட்டை மேஜையில் வைத்துவிட்டார். அது இல்லாவிட்டால் வேன்காரர் பாடு திண்டாட்டம். முதுகில் டிஸ்க் தேய்ந்துபோய், இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. திங்கட்கிழமைக்குள் சர்டிபிகேட்டைக் காட்டினால் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள்.

பார்த்து எழுதினார் என்றால் யாரைப் பார்த்து? இடது பக்கம் சுவர். வலது பக்கம் லாண்டரி அக்கா.

அக்காவே எழுந்தார். “தம்பியைச் சந்தேகப்படாதீங்க சார். பத்து வாரமா நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.”

“உங்களுக்கே இருபத்தாறுதாம்மா. வகுப்புலயே அதுதான் கடைசி.”

“இருபத்தஞ்சுக்குப் பாஸ்தானே சார்? ஒண்ணு கூடவே இருக்கு,” என்று அக்கா உட்கார்ந்தார்.

சார் விடவில்லை. வேன்காரரை முன்னால் கூப்பிட்டு வாய்ப்பரீட்சை வைத்தார். இருபது கேள்வி. இருபதுக்கும் டாண் டாண் என்று பதில் வந்தது. எங்கே இன், எங்கே ஆன், எங்கே அட், எல்லாம் தண்ணி பட்ட பாடு.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. காப்பியடித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

“அப்போ இத்தனை நாளா என்னை வச்சுக் கேலி பண்ணியிருக்கீங்க. எல்லாம் தெரிஞ்சுகிட்டே எதுக்குப் பத்து வாரம் நின்னீங்க? காரணத்தைச் சொல்லுங்க. இல்லேன்னா கையெழுத்து கிடையாது.”

வேன்காரர் லாண்டரி அக்கா பக்கம் ஒரு தடவை பார்த்தார். அக்கா பக்கத்திலிருந்த பெண்ணுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். வேன்காரர் சாருக்குக் கிட்டத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கடைசியா வந்தவங்களை இன்னிக்கு மட்டும் நிக்கவைக்க மாட்டேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”