ஏசுஅடிமை தாத்தாவின் பக்கம்

“கேக்குக்கு மேல எண்பதுன்னு எழுதட்டா, இல்ல மெழுகுவர்த்தி போதுமா?” என்று கேட்டாள் நந்தனா.

“ஏட்டி, முதல்ல பேஜு போன்ல திறக்குதான்னு பாரு. பொறவு கேக்கு வெட்டலாம்” என்றான் நிதின்.

இருவரும் பிளஸ் டூ. பள்ளிக்கூடத்திலிருந்து வேலைப் பயிற்சிக்கென்று கொட்டாரம் ஊரில் ராஜகுமார் நடத்தும் வெப்சைட் கம்பெனிக்கு அனுப்பப்பட்டவர்கள். கம்பெனி என்றால் ஒரு மாடி அறை, சில கம்ப்யூட்டர்கள், நினைத்தால் சுற்றும் ஒரு ஃபேன். வந்த நாளிலிருந்து கடைக்காரர்களின் போட்டோக்களைச் சின்னதாக்கினார்கள், டீ வாங்கி வந்தார்கள். பயிற்சி என்ற பெயருக்கு மட்டும் குறைச்சலில்லை.

இன்று காலையில்தான் ராஜகுமார் ஒரு முழு வேலையை நந்தனாவின் தலையில் கட்டினார்.

“துபாய்க்காரரு, ஷைஜுன்னு பேரு. வீட்டுல ஒரு நிகழ்ச்சியாம். வெளிநாட்டுல உள்ள சொந்தக்காரங்க எல்லாம் லைவ்ல பாக்கணுமாம். மிச்சத்த அவருட்டயே கேட்டுச் செய்யி. ஒழுங்கா முடிச்சியன்னா சர்டிபிகேட்டுல நல்லா எழுதித் தாறேன்.”

சொல்லிவிட்டு முட்டத்தில் ஒரு லாட்ஜ்காரரைப் பார்க்க பைக்கில் கிளம்பிவிட்டார்.

ஷைஜு அனுப்பியது அதிகமில்லை. அப்பாவின் போட்டோ, ஏசுஅடிமை என்ற பெயர், பிறந்த தேதி. கூட்டிப் பார்த்தால் வருகிற புதன்கிழமை பெரியவருக்கு எண்பது வயது முடிகிறது. வேறென்ன வேண்டும்? நந்தனா பலூன் தேட ஆரம்பித்துவிட்டாள்.

போட்டோவில் கிழவர் முன்பல் இல்லாமல் வாய்கொள்ளாத சிரிப்பு சிரித்தார். பார்க்கப் பார்க்க அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவளுடைய அப்பாவும் மஸ்கட்டில்தான் இருக்கிறார். வீட்டில் எந்த விசேஷமானாலும் போனைத் தூக்கிப் பிடித்து அவருக்குக் காட்டுவது அவள்தான். ஷைஜுவின் மனசு அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

ஷைஜு திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

“முடிஞ்சா மக்கா?”

“இன்னும் கொஞ்சம்தான் அண்ணே.” கேக்கைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. திறந்து பார்த்து அசந்துபோகட்டும் என்றிருந்தாள்.

“எனக்கு லீவு தரமாட்டேன்னுட்டான். இஞ்ச இருந்து பாத்தாத்தான் உண்டு. அதான் அவசரப்படுத்துதேன். பொறவு, பிறந்த தேதிக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டிரு, என்ன?”

“சரி அண்ணே. நிகழ்ச்சி எத்தன மணிக்கு?”

“நீ முடி மக்கா. நேரத்த பொறவு சொல்லுதேன்.”

போனை வைத்துவிட்டு, “அப்பா மேல எவ்வளவு பாசம் பாத்தியா!” என்றாள் நந்தனா.

“பாசமெல்லாம் சரி. உயிரு போறது நமக்கில்லா” என்றான் நிதின்.

சாயங்காலம் வரை மல்லுக்கட்டியும் பக்கம் போனில் திறக்கவில்லை. கேக்கும் பலூனும் கனம் கூடிப்போய், நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நிதின் பையைத் தோளில் மாட்டினான்.

“விடுட்டி, திங்கக்கிழம பாக்கலாம். புதன்கிழமதானே பிறந்தநாளு? தாத்தா எங்கயும் ஓடிப்போவ மாட்டாரு.”

நியாயமான பேச்சு. கேட்டிருக்கலாம். ஆனால் நந்தனாவுக்கு ரோஷம். இந்த ஒன்றையாவது தன் கையால் முடித்துக் காட்டாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் டீ வாங்கத்தான் போக வேண்டும். அதைவிட, லீவு கிடைக்காமல் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு மகனைக் காக்க வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கேக்கை எடுத்தாள். பலூனை எடுத்தாள். ஆசை ஆசையாகச் செய்த தங்கக் கரையையும் எடுத்தாள். கடைசியில் போட்டோ, பெயர், தேதி, லைவ் ஓடுகிற பெட்டி, கீழே சொந்தக்காரர்கள் எழுத ஒரு இடம், இவ்வளவுதான் மிஞ்சின. மொட்டையாக இருந்தாலும் தொட்டதும் திறந்தது.

எழுதுகிற இடம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ‘தாத்தா நூறு வயசு வரைக்கும் இருக்கணும்’ என்று எழுதிப் பார்த்தாள். பளிச்சென்று விழுந்தது. திருப்தியோடு அதை அழித்தாள்.

நிதின் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, “கொள்ளாம்” என்றான். அவன் வாயிலிருந்து பாராட்டு வருவது லேசில்லை.

லிங்கை அனுப்பிக் கொஞ்ச நேரம் கழித்து நந்தனாவே ஷைஜுவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று அவளுக்கும் கண் கலங்கியது. முதல்முறையாக அவள் செய்த ஒரு வேலை ஒருவரின் மனசைத் தொட்டிருக்கிறது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

“ரொம்ப நல்லாருக்கு மக்கா. அப்பா நேர்ல நிக்க மாதிரி இருக்கு. கனடால உள்ள தங்கச்சிக்கும் திறக்குதாம்.”

“நேரம் மட்டும்தான் பாக்கி அண்ணே. எப்பன்னு போடணும்?”

“டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுதேன். பேஜு ரெடியாவட்டும்னுதான் அப்பாக்க வென்டிலேட்டர எடுக்காம வச்சிருந்தோம்.”