ஏழு மில்லி

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது.

அக்காவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

ஆட்டோவில் சொல்லியிருக்கலாம். அம்பத்தூர் சிக்னலில் வண்டி நெடுநேரம் நின்றது. அக்கா அவள் தோளில் சாய்ந்துகொண்டு, ஓரத்தில் கரும்புச்சாறு பிழிகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மணி நான்கு. அக்காவுக்குத் தண்ணீர் கொடுக்கும் நேரம்.

அலமாரியிலிருந்து அந்தக் கிளாஸை எடுத்தாள்.

அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கம்பெனியில் கழித்துப் போட்டது. ஒரு பக்கம் இருநூறு மில்லிக்குச் சிவப்புக் கோடு. மறுபக்கம், நூலளவு மேலே, ஏழு அவுன்ஸுக்கு, அதாவது இருநூற்றேழு மில்லிக்கு, நீலக் கோடு. உள்ளூர்ச் சரக்கில் மில்லி மட்டும்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் போகிற அச்சு இதில் தவறி விழுந்துவிட்டது. தரம் பார்க்கும் மேசையில் அதைக் கழித்தவளே அவள்தான். அப்புறம் சூப்பர்வைசரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த அக்காவுக்கு ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ். காபியும் ரசமும்கூட அதற்குள்தான்.

இரண்டு கோட்டுக்கும் நடுவே ஏழு மில்லி. ஒரு மடக்குக்குக்கூடக் காணாது.

அதற்குத்தான் இரண்டு வருடச் சண்டை.

அமெரிக்கா கோடு வரை ஊற்றச் சொல்லி அக்கா கெஞ்சுவாள். உன்னை பி.எஸ்சி. படிக்க வைத்ததே என் தையல் மெஷின்தான் என்று குத்திக்காட்டுவாள். அவள் மசிய மாட்டாள். கிளாஸை மேடையில் வைத்து, முட்டி போட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, தண்ணீரின் அடிவளைவு சிவப்பைத் தொடும்வரை சொட்டுச் சொட்டாக விடுவாள். கூடிவிட்டால் ஸ்பூனால் எடுத்துவிடுவாள்.

கிளாஸுக்குச் சாமி கும்பிடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

அளவு தப்பாதவரை அக்கா இருப்பாள் என்று அவளுக்குள் ஒரு கணக்கு.

போன வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் பாதியில் நின்றது. இன்று ஆரம்பித்ததுமே பிரஷர் இறங்கி, மெஷினை அணைத்துவிட்டார்கள்.

சொம்பைச் சாய்த்தாள்.

தண்ணீர் சிவப்பைத் தொட்டது. தாண்டியது.

நீலத்தையும் தாண்டியது.

அவள் முட்டி போடவில்லை.

விளிம்புவரை நிறைந்த கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் நடந்துவந்து, கட்டிலருகே நீட்டினாள்.

"என்னடி, இன்னிக்கு சாமி கும்பிடலையா?"

சிரிப்பாகத்தான் கேட்டாள் அக்கா.

பிறகு கிளாஸைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். தங்கையின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். கை மட்டும் நீளவில்லை.

"இவ்ளோ வேணாம்டி. சிவப்புக் கோட்டுக்கு இறக்கி எடுத்துட்டு வா."

இந்த இரண்டு வருடத்தில் அக்கா சிவப்புக் கோட்டைக் கேட்டது இதுதான் முதல்முறை.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இனிமே அளக்க வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா."