ஈரத்துணி

"நேத்து முதல் குண்டு சரியாப் போச்சு. குழல்ல கரி படிஞ்சதும் அடுத்தது விலகிடுச்சு. துடைச்சுட்டுத்தான் மருந்து கெட்டிக்கணும். ஈரத்துணி எங்கே?" நாட்டுத்துப்பாக்கியுடன் கணவர் பதறினார்.

"எனக்கென்னங்க தெரியும்?"

துணியை அவள்தான் இடுப்பில் ஒளித்திருந்தாள். தோட்டத்தில் காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தது, பின்னால் நான்கு குட்டிகளோடு. கடவுளே, குறி தப்பட்டும்!

அவர் தோள்துண்டை நனைத்துக் குழலைத் துடைத்தார். மருந்து கெட்டித்துச் சுட்டார்.

குண்டு பட்டு, வேலியில் தொங்கிய தகரம் அலறியது. தாயும் குட்டிகளும் காட்டுக்குள் ஓடின.

"வெறும் வெடிச்சத்தத்துக்கு அசையறதில்ல. தகரம் அலறினாத்தான் ஓடுது," என்றார். "தாய் தகரத்தை ஒட்டியே நின்னுச்சு. குண்டு ஒரு சாண் விலகியிருந்தா பாவம், குட்டிங்க அநாதையாகியிருக்கும்."

இடுப்பிலிருந்த துணியை எடுத்து நீட்டினாள்.

"இனிமே நானே நனைச்சுத் தரேங்க."