ஏழு நிமிடம்

"இன்னும் இருவது நிமிசம்தான் அப்சானா. அந்தப் பொண்ணு வராது. நீ ஜெயிச்சாப்லதான்!"

கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷாவுக்குச் செஸ் தெரியாது. பலகைக்குப் பக்கத்திலிருந்த இரட்டைக் கடிகாரத்தில் ஒன்று ஓடுவதும் மற்றது நிற்பதும் மட்டும் தெரிந்தது. ஓடுவதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாவட்டச் சிறுமியர் செஸ் போட்டியின் கடைசி ஆட்டம். ஜெயிப்பவள் மாநிலப் போட்டிக்குச் சென்னை போவாள். எதிராளி கண்ணகி சங்கராபுரத்திலிருந்து வர வேண்டும். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வழிநெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஒரு பஸ்கூட ஓடவில்லை.

"வருவா அத்தா. சைக்கிளத் தூக்கிக்கினாவது வருவா," என்றாள் மகள் அப்சானா, முதலில் நகர்த்த வேண்டிய வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு.

"வந்தா உனக்கு இன்னா லாபம்? போன வருசம் உன்னத் தோக்கடிச்சு அழ வெச்சவளாச்சே!"

"அதுக்குத்தான் வரணும். அவள ஜெயிக்காம சென்னைக்குப் போயி இன்னா பண்றது?"

பதினான்கு வயதில் இவ்வளவு திமிரா! பாஷாவுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

நடுவர் சின்னதுரை வந்து கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஆளுக்கு ஒரு மணி நேரம்மா. தீந்துட்டா தோல்விதான், நான் ஒண்ணும் பண்ண முடியாது. நல்லா யோசிச்சிட்டியா?"

"யோசிச்சிட்டேன் சார்."

பத்து நிமிடம். எட்டு நிமிடம். மகள் நாற்காலி நுனிக்கு நகர்ந்து வாசலையே பார்த்தாள். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாஷா பையிலிருந்த ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

வாசலில் சைக்கிள் விழும் சத்தம் கேட்டது. முழங்கால் வரை சேறும், கிழிந்த பாவாடையுமாகக் கண்ணகி ஓடி வந்தாள்.

"மரத்துக்கு மரம் சைக்கிளத் தூக்கிக்கினு வந்தேன்..." மூச்சு வாங்கியது. "இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?"

"ஏழே நிமிசம்!" என்றார் பாஷா வெற்றிக் களிப்போடு.

கண்ணகிக்கு முகம் வெளுத்தது.

"அது அவளுக்கு இல்ல அத்தா, எனக்கு," என்றாள் அப்சானா. "ஏழு நிமிசமே ஜாஸ்தி."

சொல்லிவிட்டுத் தன் முதல் காயை நகர்த்தி, இத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருந்த தன் கடிகாரத்தை அழுத்தி நிறுத்தினாள். கண்ணகியின் கடிகாரம், முழு ஒரு மணி நேரத்தோடு, அப்போதுதான் ஓட ஆரம்பித்தது.