கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"கொலாபரேட். அர்த்தம் சொல்லுங்க. எப்படிப் பயன்படுத்தறதுன்னும் சொல்லுங்க."

மேனேஜர் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அகராதி அச்சுக்குப் போகணும், பிழை திருத்த ஆள் வேணும், முதலாளி வேறு காலையிலிருந்து போனில் குடைகிறார். இருப்பதோ ஒரே ஒரு வேலை. வந்தவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்விக்கே முழி பிதுங்கிப் போய்விட்டார்கள்.

எதிரே இருந்தவர் நிதானமாகச் சொன்னார்.

"சேர்ந்து ஒரு வேலையைச் செய்யறது மேடம். ஆளைச் சொல்லும்போது 'வித்' போடணும். வேலையைச் சொல்லும்போது 'ஆன்'. ஒருத்தர் உழைச்சு இன்னொருத்தர் பேர் வாங்கினா, அதுக்கு இந்தச் சொல் ஆகாது."

அட, பரவாயில்லையே! ஒரு வருஷமாக வேலை இல்லை, வீட்டில் கைக்குழந்தை என்று வேறு சொல்லியிருந்தார் மனிதர். இவரையே எடுத்துவிடலாம் என்று மேனேஜர் முடிவுக்கு வந்தாயிற்று.

ஒன்றுதான் உறுத்தியது. பேசும்போதெல்லாம் மனிதர் மேனேஜரைப் பார்க்கவே இல்லை. பார்வை அவர் தோளைத் தாண்டிப் பின்னால் போனது.

மேனேஜர் சட்டென்று திரும்பினார்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே, நடைவழி நாற்காலியில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர். உள்ளே பார்த்தபடி வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

ஓகோ! அப்படியா சேதி?

எழுந்து போய்த் திரையை விருட்டென்று இழுத்து மூடினார்.

"இப்போ அந்தச் சொல்லை வெச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க பார்ப்போம்."

"நா... நா... நா..."

கழுத்து நரம்பு புடைத்தது. முகமெல்லாம் வேர்வை. வார்த்தை மட்டும் வரவில்லை.

"சாயம் வெளுத்துடுச்சா? படிச்சவங்க செய்யற வேலையா இது?"

மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் கதவைத் திறந்தார். "ஏங்க, கட்டம் போட்ட சட்டை! உள்ள வாங்க."

வந்து நின்றார்.

"பதில் சொல்லிக் கொடுக்கத்தானே அங்கே உட்கார்ந்திருந்தீங்க?"

"ஐயையோ, நீங்க என்ன கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாது மேடம். இந்தக் கண்ணாடியைத் தாண்டி ஒரு சத்தமும் வெளியே வரலையே!"

மேனேஜருக்குச் சுருக்கென்றது. "அப்புறம் எதுக்கு வாயை அசைச்சீங்க?"

"அவருக்குத் திக்கும் மேடம். கூட ஒருத்தர் வாயசைச்சா திக்காது. என் தங்கச்சிக்கும் இப்படித்தான். அவர் வாயைப் பார்த்து நானும் அசைச்சேன், அவ்வளவுதான். பதில் எல்லாம் அவரோடது."

சட்டைக்காரர் தொடர்ந்தார்.

"போற இடத்துல எல்லாம் இவர் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே 'அடுத்த ஆள் வரலாம்'னு அனுப்பிடறாங்களாம். பாவமா இருந்துச்சு."

மேனேஜருக்கு வெட்கமாக இருந்தது. திரையை மெல்ல விலக்கினார். வெளியே நாற்காலிகள் எல்லாம் காலி.

"நீங்க இவருக்கு என்ன வேணும்? அண்ணனா, சிநேகிதரா?"

"ரெண்டும் இல்லீங்க. காலையில இங்கே உட்கார்ந்திருந்தப்போதான் பழக்கம்."

சட்டைக்காரர் தயங்கித் தயங்கித் தன் கையிலிருந்த ஃபைலை நீட்டினார்.

"அந்த அடுத்த ஆள் நான்தான் மேடம்."