சுவரில் குறித்த காய்ச்சல்

எங்கள் ஏழு மாதப் பெண்ணுக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். நான் பாதி வெள்ளையடித்து நிறுத்திய சுவரில்தான் மனைவியும் நானும் பென்சிலால் நேரத்தையும் சூட்டையும் குறித்துவந்தோம். மத்தியானம் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு இருவருமே அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டோம்.

விழித்தபோது மணி ஐந்து. குழந்தையின் நெற்றி குளிர்ந்திருந்தது. சுவரில் புதிதாக மூன்று வரிகள்: இரண்டு மணி, நூற்றிரண்டு. மூன்று மணி, நூறு. நான்கு மணி, தொண்ணூற்றெட்டு.

"நீங்களா எழுதினீங்க?" என்றாள் மனைவி.

"நான் இல்ல. சுழியெல்லாம் உன் கையெழுத்து மாதிரி இருக்கே."

"சாய்வு உங்களோடது."

கீழே இன்னொரு வரி இருந்தது: "அடுப்பை அணைச்சிட்டேன்ப்பா. ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

சோறு பதமாக வெந்திருந்தது.

அந்த ஓரத்தை மட்டும் வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறேன். மகள் எழுதப் பழகியதும் அவள் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.